இண்டியானா டியூன்ஸ்: லேக்ஷோர் நேஷனல் பார்க் ஆன கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்மர் வந்தா போதும், சிகாகோ பக்கத்து தமிழ் குரூப்ல எல்லாம் இண்டியானா டியூன்ஸ் (டியூன்ஸ்னா மணல் மேடு) பத்தி இதே கேள்விங்க தான் சுத்துது, "முன்னாடி ஃப்ரீயா தானே இருந்துச்சு, எப்ப நேஷனல் பார்க் ஆச்சு, ஏன் ஆச்சு, இப்ப என்ன வித்தியாசம்"னு. ஒவ்வொரு தடவையும் துண்டு துண்டா பதில் சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு இது. கொஞ்சம் நீளம், வேணுங்கற கேள்விய மட்டும் படிச்சிக்கோங்க.

இது எந்த இடம்?

சிகாகோல இருந்து கார்ல சுமார் ஒரு மணி நேரம், மிச்சிகன் ஏரியோட தெக்கு முனைய வளைச்சுகிட்டு போனா இண்டியானா மாநிலத்துல கேரி ஊர்லேர்ந்து மிச்சிகன் சிட்டி வரைக்கும் மணல் மேடு, காடு, சதுப்பு எல்லாம் கலந்து கிடக்கற கரை. ஏரிக்கரை நீளம் 15 மைல், மொத்த பரப்பு 15,000 ஏக்கருக்கு கொஞ்சம் மேல. ஒரே பெரிய துண்டா இருக்கும்னு நெனச்சு போகாதீங்க, நடுவுல நடுவுல ஸ்டீல் மில், துறைமுகம், கரண்ட் பிளாண்ட், வசதியானவங்க வீடு கட்டி இருக்கற குட்டி குட்டி ஊருன்னு வெட்டிகிட்டே போகும். 1966லேர்ந்து இதுக்கு பேரு இண்டியானா டியூன்ஸ் நேஷனல் லேக்ஷோர், அதாவது தேசிய ஏரிக்கரை. 2019 பிப்ரவரி 15லேர்ந்து இண்டியானா டியூன்ஸ் நேஷனல் பார்க், அமெரிக்காவோட 61வது.

சுருக்கமா சொல்லுங்க, என்ன மாறுச்சு?

போர்டு மாறுச்சு, கூட்டம் வந்துச்சு, மூணு வருஷம் கழிச்சு டிக்கெட் வந்துச்சு. நிலம் ஒரு ஏக்கர் கூட கூடல, சட்டப் பாதுகாப்பு கூடல, அந்த பேர் மாத்தின சட்டத்துல பார்க்குக்குன்னு ஒரு டாலர் கூட ஒதுக்கல.

அப்ப லேக்ஷோர்னா பாதுகாப்பு கம்மி, பார்க்னா ஜாஸ்தின்னு இல்லயா?

பெரும்பாலானவங்க அப்படி தான் நெனச்சிகிட்டு இருக்காங்க, நம்மாளுங்க மட்டும் இல்ல, அமெரிக்கக்காரங்களும். நேஷனல் பார்க் சர்வீஸ் கையில இப்ப 430க்கு மேல இடம் இருக்கு, அதுல 63க்கு மட்டும் தான் நேஷனல் பார்க்குங்கற பேரு, மத்ததெல்லாம் மானுமென்ட், சீஷோர், லேக்ஷோர், போர்க்களம், நினைவிடம்னு விதவிதமா இருக்கும். ஆனா 1916ல வந்த அடிப்படை சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணு தான், இயற்கைய கெடுக்காம அடுத்த தலைமுறைக்கு விட்டுட்டு போகணும்னு. 1970லயும் 1978லயும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், திரும்ப ஒரு தடவை தெளிவா சொல்லிடுச்சு, பேரு என்னவா இருந்தாலும் எல்லாம் ஒரே அமைப்பு, ஒருத்தர் ஒசத்தி ஒருத்தர் தாழ்த்தின்னு இல்லன்னு. ஒவ்வொரு இடத்துக்கும் அத உருவாக்கின தனிச் சட்டத்துல என்ன எழுதி இருக்குங்கறது தான் நிஜமான வித்தியாசம். இண்டியானா டியூன்ஸ்ல 1966ல எழுதினதும் அதுக்கப்பறம் 76, 80, 86, 92ல நிலம் சேத்து திருத்தினதும் தான் இன்னைக்கும் ஓடுது, 2019ல அதுல லேக்ஷோர்னு இருந்த எடத்துல பார்க்னு போட்டாங்க, அவ்ளோ தான்.

இந்தியால இப்படி இல்லயே?

இல்ல, அதனால தான் நமக்கு குழப்பம் வருது. நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல சரணாலயம் வேற, தேசிய பூங்கா வேற. சரணாலயத்துல அங்க இருக்கற ஜனங்களோட சில உரிமைகள விட்டு வைக்கலாம், ஆடு மாடு மேய்க்க அனுமதி குடுக்கலாம். தேசிய பூங்கான்னு ஆகிட்டா மேய்ச்சல் கிடையாது, உள்ள உரிமை எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. அங்க ஒரு சரணாலயத்த பூங்காவா உயர்த்தறதுன்னா அது மனுஷங்க வாழ்க்கைய தொடற விஷயம். அதே கண்ணோட இத பாத்துட்டு "யார வெளியேத்தினாங்க"ன்னு கேக்கறாங்க. 2019ல யாரையும் வெளியேத்தல. அந்த வேல வேற காலத்துல நடந்துச்சு, கீழ சொல்றேன்.

பேர மாத்தற அதிகாரம் யாருக்கு?

ஜனாதிபதிக்கு இல்ல. 1906 சட்டத்த வெச்சு அவரு கையெழுத்து போட்டே நேஷனல் மானுமென்ட் அறிவிக்கலாம், ஆனா நேஷனல் பார்க்னு பேர் வைக்க காங்கிரஸ்ல சட்டம் பாஸ் ஆகணும். இங்க அத தூக்கிகிட்டு ஓடினவரு அந்த தொகுதி எம்பி பீட் விஸ்க்ளோஸ்கி, டெமாக்ரட். உள்ளூர் டூரிசம் ஆளுங்களும் வியாபாரிங்களும் அவர் பின்னாடி. 2017ல மசோதா பிரதிநிதிகள் சபையில பாஸ் ஆச்சு, செனட் பக்கம் போய் சிக்கிகிச்சு.

அப்பறம் நடந்தது தான் வேடிக்கை. 2018 டிசம்பர்லேர்ந்து 2019 ஜனவரி வரைக்கும் மெக்சிகோ பார்டர் சுவருக்கு காசு குடுக்கணுமா வேணாமான்னு சண்ட போட்டு 35 நாள் அரசாங்கமே மூடிக் கெடந்துச்சு இல்லயா, அது முடிஞ்சு சமாதானமா ஒரு பெரிய செலவு மசோதா போட்டாங்க, சுவருக்கு 137.5 கோடி டாலர், அது இதுன்னு பெரிய கட்டு, அந்த கட்டுக்குள்ள ஒரு ஓரத்துல இந்த பேர் மாத்தத்தையும் சொருகிட்டாங்க. ட்ரம்ப் கையெழுத்து போட்ட அன்னைக்கு நாடே சுவரயும் எமர்ஜென்சி அறிவிப்பையும் பத்தி தான் பேசிகிட்டு இருந்துச்சு, ஒரு புது நேஷனல் பார்க் பொறந்தத யாரும் பெருசா கவனிக்கல.

பார்க் சர்வீஸ்காரங்க சந்தோஷப்பட்டு இருப்பாங்களே?

அதான் இல்ல. 2018ல செனட் கமிட்டி முன்னாடி உள்துறை (பார்க் சர்வீஸ் அதுக்கு கீழ தான் வருது) சார்பா வந்தவங்க, இருக்கற பேரே பொருத்தமா இருக்கு, மத்த லேக்ஷோர்களோட ஒத்துப் போகுது, மாத்த வேணாம்ங்கற மாதிரி தான் சொன்னாங்க. அவங்க கணக்குல நேஷனல் பார்க்னா பரந்த நிலமோ நீர்ப்பரப்போ இருக்கணும், பலவகை இயற்கை வளம் இருக்கணும். இங்க பலவகை இருக்கு, பரப்பு தான் இல்ல. ஆனா அதே வருஷம் தானே, 2018 பிப்ரவரில, செயின்ட் லூயிஸ்ல இருக்கற ஆர்ச் வளைவுக்கே நேஷனல் பார்க் பட்டம் குடுத்தாங்க, புல்வெளியும் ஒரு மியூசியமும் ஸ்டீல் வளைவும். அதுக்கு குடுத்துட்டு இதுக்கு இல்லன்னு சொன்னா எவன் கேப்பான்.

அவ்ளோ சின்ன எடத்துல அப்படி என்ன தான் இருக்கு?

1,100க்கு மேல தாவர இனம், 350க்கு மேல பறவை இனம். பாலைவனத்துல வளர்ற சப்பாத்திக்கள்ளியும், ஆர்க்டிக் பக்கம் வளர்ற பேர்பெர்ரியும் ஒரே மேட்டுல நிக்கும். பனிப்பாறை உருகி ஏரி பின்வாங்கினப்ப ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா மணல் வரிசை விட்டுட்டு போச்சு, அதனால தண்ணி ஓரத்துலேர்ந்து உள்ள நடக்க நடக்க வயசான நிலத்துக்கு போறோம், முதல்ல வெறும் மணல், அப்பறம் மணல பிடிச்சு நிக்கற புல்லு, அப்பறம் புதர், பைன், கடைசியா ஓக் காடு. சிகாகோ யுனிவர்சிட்டி தாவரவியல் ஆளு ஹென்றி கவுல்ஸ் இத பாத்துட்டு தான் 1899ல எழுதினாரு, காடுங்கறது நிலையா நிக்கறதில்ல, ஒரு கூட்டம் வந்து அடுத்த கூட்டத்துக்கு எடம் தயார் பண்ணிட்டு போகுதுன்னு. காலேஜ்ல ஈகாலஜி படிச்சவங்க சக்சஷன்னு ஒரு சாப்டர் மனப்பாடம் பண்ணி இருப்பீங்க, அதோட ஆரம்ப காலப் பாடங்கள்ல முக்கியமானது இந்த மணல்ல எழுதினது. வெஸ்ட் பீச்ல அந்த பேர்லயே ஒரு நடைபாதை இருக்கு, படிக்கட்டு ஏறி மூச்சு வாங்கும், ஆனா போங்க.

1966க்கு முன்னாடி யாரும் காப்பாத்த பாக்கலயா?

பாத்தாங்க. இது தான் எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச பகுதி, கொஞ்சம் விரிவா சொல்றேன்.

1916 ஆகஸ்ட்ல பார்க் சர்வீஸ் பொறந்துச்சு. முதல் டைரக்டர் ஸ்டீஃபன் மேதர் சிகாகோக்காரரு. ரெண்டே மாசத்துல, அக்டோபர் 30, சிகாகோல கூட்டம் போட்டு இந்த கரைய 'சேண்ட் டியூன்ஸ் நேஷனல் பார்க்' ஆக்கலாமான்னு கேட்டாரு. அதாவது இதுக்கு நேஷனல் பார்க்னு பேர் வைக்கற யோசனை பார்க் சர்வீஸ் அளவுக்கே பழசு. ஆனா நிலமெல்லாம் தனியார் கையில இருந்துச்சு, காசு குடுத்து நிலம் வாங்கி பார்க் பண்ற பழக்கம் அப்ப காங்கிரசுக்கு கிடையாது, மேற்குப் பக்கத்து பார்க்கெல்லாம் ஏற்கனவே அரசாங்க நிலம். அடுத்த வருஷம் அமெரிக்கா முதல் உலகப் போர்ல எறங்கிடுச்சு, முதல்ல நாட்ட காப்பாத்துவோம் அப்பறம் மணல காப்பாத்துவோம்னு கோஷமே போட்டு கெடப்புல போட்டாங்க.

அதுக்குள்ள மணல் போய்கிட்டே இருந்துச்சு. மிச்சிகன் சிட்டில ஹூசியர் ஸ்லைடுன்னு கிட்டத்தட்ட 200 அடி உயர மேடு இருந்துச்சு, ஊருக்கே அடையாளம் அது தான், சுத்துலா வர்றவங்க மேல ஏறி சறுக்குவாங்க. கண்ணாடி செய்ய மணல் வேணும்னு வண்டி வண்டியா அள்ளினாங்க, ஊறுகாய் ஜாம் போட்டு வைக்கற, பால் (Ball)ங்கற பேர்ல இருந்த கம்பெனியோட கண்ணாடி ஜாடிக்கெல்லாம் அந்த மணல் தான் போச்சு. 1920 வாக்குல மேடு சுத்தமா காலி. இப்ப அந்த எடத்துல கரண்ட் பிளாண்ட் நிக்குது. ஆத்து மணல் கொள்ளைய பத்தி தினமும் படிக்கற நமக்கு இது ஒண்ணும் புதுக்கதை இல்ல, என்ன, இங்க அத சட்டப்படி பண்ணாங்க.

1925ல மாநில அரசு தன் பங்குக்கு 2,000 ஏக்கர் சொச்சத்துக்கு ஒரு ஸ்டேட் பார்க் பண்ணுச்சு. 1952ல டோரதி ப்யூல்ங்கற அம்மா அக்கம் பக்கத்து பெண்கள சேத்துகிட்டு 'சேவ் தி டியூன்ஸ் கவுன்சில்' ஆரம்பிச்சாங்க, காசு திரட்டி நிலம் வாங்கறது, கையெழுத்து வாங்கறதுன்னு. இண்டியானா அரசியல்வாதிங்களுக்கு துறைமுகமும் ஸ்டீல் மில்லும் தான் வேணும், அதனால பக்கத்து மாநிலமான இல்லினாய் செனட்டர் பால் டக்ளஸ் கிட்ட போனாங்க. அவரு 1958ல மசோதா கொண்டு வந்தாரு, விடாம எட்டு வருஷம். இண்டியானாவோட மூணாவது செனட்டர்னு கிண்டலாவும் சொல்வாங்க, மரியாதையாவும் சொல்வாங்க.

கடைசில ஒப்பந்தம் என்னன்னா, துறைமுகமும் வரட்டும் பார்க்கும் வரட்டும். அந்த ஒப்பந்தத்துக்கு முன்னாடியே நடு மையத்துல இருந்த நல்ல மணல் மேடு எல்லாம் பெத்லஹேம் ஸ்டீல் கைக்கு போயிடுச்சு, அவங்க அத சமன் பண்ணி மில்லு கட்டினாங்க, அள்ளின மணல எவன்ஸ்டன்ல இருக்கற நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டிக்கு வித்தாங்க, அவங்க அத ஏரில கொட்டி காம்பஸ பெருசாக்கினாங்க. பிள்ளைங்கள அங்க படிக்க வெச்சிருக்கறவங்க அடுத்த தடவை கரையோரம் நடக்கறப்ப காலுக்கு கீழ என்ன இருக்குன்னு யோசிச்சு பாருங்க.

1966 நவம்பர் 5, ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்து போட்டாரு. மூணே நாள்ல, நவம்பர் 8, டக்ளஸ் தேர்தல்ல தோத்துட்டாரு. 2019 சட்டத்துல மில்லர் உட்ஸ் நடைபாதைக்கு அவரு பேர வெச்சாங்க, பேர் மாத்தத்துல எனக்கு முழு சம்மதம் இருக்கற பகுதி அது தான்.

அப்ப வீடு இருந்தவங்க?

1966க்கு அப்பறம் அரசாங்கம் எல்லைக்குள்ள வந்த வீடுகள காசு குடுத்து வாங்குச்சு. பல பேரு வித்துட்டு, இத்தன வருஷம் இருந்துக்கறேன்னு உரிமை எழுதி வாங்கிகிட்டாங்க, காலம் முடிஞ்சதும் வீட்ட இடிச்சு மணலுக்கே விட்டுட்டாங்க. ஆக்டன் டியூன்ஸ், டியூன் ஏக்கர்ஸ் மாதிரி ஊருங்க எல்லைக்கு வெளிய தப்பிச்சிடுச்சு, அதனால தான் பார்க் ஓட்டை ஓட்டையா இருக்கு. அதுக்கும் ரொம்ப முன்னாடி இது போட்டவாட்டமி பூர்வகுடி மக்களோட மண்ணு, அவங்கள்ல நெறய பேர 1838ல துப்பாக்கி முனையில கான்சாஸ் பக்கம் நடக்க வெச்சாங்க, வழில செத்தவங்க பல பேர், அதிகம் குழந்தைங்க. பார்க் வரலாறுன்னு பேசறப்ப 1916லேர்ந்து ஆரம்பிக்கறது ஒரு வசதி தான்.

பெவர்லி ஷோர்ஸ்ல கலர் கலரா விசித்திரமா வீடு நிக்குதே, அது என்ன?

1933 சிகாகோ உலகக் கண்காட்சில 'எதிர்கால வீடு' எப்படி இருக்கும்னு காட்ட கட்டினது. 1935ல ஒரு ரியல் எஸ்டேட்காரரு, தன் பிளாட்டுக்கு விளம்பரமா இருக்கட்டும்னு அதுல சிலத ஏரி வழியா படகுல ஏத்தி கொண்டாந்து வெச்சாரு. அஞ்சு வீடு இருக்கு, பிங்க் கலர் ஃப்ளோரிடா வீடு தான் எல்லாரும் ஃபோட்டோ எடுக்கறது. உள்ள போக முடியாது, வருஷத்துக்கு ஒரு தடவை டூர் விடுவாங்க, டிக்கெட் உடனே தீந்துடும்.

ஸ்டீல் மில் பக்கத்துல இருக்கறதெல்லாம் ஒரு நேஷனல் பார்க்கா?

இந்த கேள்விய நக்கலா கேக்கறவங்க தான் அதிகம், ஆனா நல்ல கேள்வி. பேர் மாறி ஆறு மாசம் ஆகல, 2019 ஆகஸ்ட்ல பர்ன்ஸ் ஹார்பர்ல அப்ப ஆர்செலர்மிட்டல் கையில இருந்த மில்லுலேர்ந்து சயனைடும் அம்மோனியாவும் லிட்டில் கேலுமெட் ஆத்துல கலந்து சுமார் 3,000 மீன் செத்து மிதந்துச்சு, பீச்ச மூடினாங்க. அதுக்கு முன்னாடி 2017ல யூஎஸ் ஸ்டீல் போர்ட்டேஜ் ஆலைலேர்ந்து குரோமியம். லேக்ஷோர்னு இருந்தப்பவும் நடந்துச்சு, பார்க்னு ஆனப்பறமும் நடந்துச்சு. தண்ணி சுத்தமா இருக்கறது சுத்தமான நீர் சட்டம், பெர்மிட், அத கண்காணிக்கற மாநில ஆளுங்க, கேஸ் போடற சேவ் தி டியூன்ஸ் மாதிரி அமைப்புங்க கையில தான் இருக்கு. "நேஷனல் பார்க் ஆச்சு, இனிமே மில்லுக்காரன் பயப்படுவான்"னு நெனச்சவங்க இருந்தாங்க.

இன்னொரு பக்கம், அந்த மில்லுல வேல பாத்த சம்பளத்துல தான் அந்த வட்டாரமே வாழ்ந்துச்சு. டக்ளஸ எதிர்த்த எல்லாரும் வில்லன் இல்ல.

கூட்டம் நிஜமாவே கூடுச்சா?

கூடுச்சு. 2018ல சுமார் 17.5 லட்சம் வருகை, 2019ல 21 லட்சத்துக்கு மேல, 2021ல 31 லட்சத்த தாண்டுச்சு. டூரிசம் ஆளுங்க இத காட்டி பாத்தீங்களா பேரோட மகிமைன்னுவாங்க. முழுசா ஒத்துக்க முடியல, ஏன்னா நடுவுல கொரோனா வந்துச்சு, எல்லாரும் வெளிய காத்தாட எங்கயாவது போனா போதும்னு கெளம்பின காலம். பேரே மாத்தாத பிக்சர்ட் ராக்ஸ் லேக்ஷோர்லயும் அதே சமயத்துல வருஷ வருகை 10 லட்சத்த தாண்டுச்சு. ஆனா 2019 கணக்கு கொரோனாவுக்கு முன்னாடியே, அது பேரால வந்தது தான்னு நான் நெனைக்கறேன், 63 பார்க்கையும் லிஸ்ட் போட்டு டிக் அடிக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு, அவங்க மேப்ல இது அது வரைக்கும் இல்லவே இல்ல. வந்தவங்களுக்கு பார்க்கிங் தான் பத்தல. வெள்ளம் மாதிரி ஆளு வர்ற சனிக்கிழமை காலைல பத்து பத்தரைக்கு மேல போனீங்கன்னா ரோட்டுலயே திருப்பி அனுப்புவாங்க.

டிக்கெட் எவ்ளோ, ஏன்?

2022 மார்ச் 31லேர்ந்து வண்டிக்கு 25 டாலர், ஏழு நாள் செல்லும். அதுக்கு முன்னாடி வெஸ்ட் பீச்ல மட்டும் சம்மர்ல 6 டாலர் வாங்குவாங்க, மத்த எடமெல்லாம் ஃப்ரீ. பேர் மாறினதும் சட்டம் டிக்கெட் போட சொல்லல, கூட்டம் கூடி செலவு கூடினதால பார்க் போட்டுச்சு. வசூல்ல குறைஞ்சது 80 சதவீதம் அதே பார்க்குல தான் செலவு பண்ணணும்னு விதி இருக்கு, அது ஒரு ஆறுதல். இருந்தாலும் கேரி மாதிரி கஷ்டப்படற ஊர்ல இருந்து சாயங்காலம் காலு நனைக்க வர்ற குடும்பத்துக்கு 25 டாலர்ங்கறது சின்ன காசு இல்ல. கலிஃபோர்னியாலேர்ந்து லிஸ்ட் டிக் அடிக்க வர்றவனுக்கு அது ஒரு காபி காசு. பேர் மாத்தறதோட செலவ யாரு குடுக்கறாங்கன்னு கேட்டா பதில் இங்க தான் இருக்கு.

பாஸ் வெச்சிருக்கேன், ஆனா கேட்ல காசு கேட்டாங்க?

நீங்க ஸ்டேட் பார்க் கேட்டுக்கு போயிட்டீங்க. நேஷனல் பார்க்குக்கு நடுவுல இண்டியானா டியூன்ஸ் ஸ்டேட் பார்க் தனியா இருக்கு, அது மாநிலத்தோடது, நேஷனல் பாஸ் அங்க செல்லாது. மூணு மேடு ஏறற சேலஞ்ச், மவுண்ட் டாம் 192 அடி, எல்லாம் ஸ்டேட் பார்க்குக்குள்ள. பேர் மாறினப்பறம் இந்த குழப்பம் ரெண்டு மடங்காயிடுச்சு.

வீட்டுக்காரங்க பீச்ல நடக்க விடமாட்டேங்கறாங்க, சரியா?

சரி இல்ல. 2018ல இண்டியானா சுப்ரீம் கோர்ட் கண்டர்சன் கேஸ்ல தீர்ப்பு சொல்லிடுச்சு, ஏரித் தண்ணி வழக்கமா ஏறி நிக்கற கோடு வரைக்கும் நிலம் மாநிலத்தோடது, ஜனங்க நடக்கலாம். இதுவும் பார்க் பேருக்கும் சம்பந்தமே இல்லாத விஷயம், ஆனா ஜனங்களுக்கு அந்த பேர விட இதால தான் லாபம் அதிகம்.

மவுண்ட் பால்டி மேல ஏறலாமா?

தனியா ஏறக்கூடாது. 126 அடி மேடு, உயிரோட இருக்கற மேடு, காத்துல உள்பக்கமா வருஷா வருஷம் சில அடி நகருது. திருச்செந்தூர் பக்கத்து தேரிக்காட்ட பாத்தவங்களுக்கு மணல் நடக்கறது ஆச்சரியமா இருக்காது. நகர்ற வழில நின்ன ஓக் மரங்கள முழுங்கிடுச்சு, உள்ள மரம் மக்கி குழாய் மாதிரி பொந்து விழுந்துடுச்சு. 2013 ஜூலைல 6 வயசு பையன் ஒருத்தன் அந்த மாதிரி பொந்துல விழுந்து மூணு மணி நேரத்துக்கு மேல மணலுக்கு அடியில இருந்து உயிரோட மீண்டான். அதுலேர்ந்து மேடு மூடல், ரேஞ்சர் கூட்டிட்டு போனா மட்டும். கீழ பீச்சுக்கு போகலாம். இந்த மேடு இவ்ளோ வேகமா நகர்றதுக்கு இன்னொரு காரணம் மிச்சிகன் சிட்டி துறைமுகச் சுவரு, கரையோரமா வர்ற மணல அது தடுத்துடுது, முன்பக்கம் கரை அரிச்சுகிட்டே போகுது, அப்பப்ப மணல் கொண்டாந்து கொட்டறாங்க.

நாய கூட்டிட்டு போகலாமா?

போகலாம், 6 அடி கயித்துல. பெரும்பாலான நேஷனல் பார்க்ல நடைபாதைல நாயே விட மாட்டாங்க, இங்க லேக்ஷோர் காலத்து விதி அப்படியே தொடருது. சட்டம் மாறலன்னு சொன்னேன்ல, நாய்க்கு கூட மாறல.

மத்த லேக்ஷோரும் இப்படி மாறுமா?

மொத்தம் நாலு இருந்துச்சு. பிக்சர்ட் ராக்ஸ், இண்டியானா டியூன்ஸ் ரெண்டும் 1966, அப்பாசல் ஐலண்ட்ஸ், ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ் ரெண்டும் 1970. இப்ப மூணு மிச்சம். விஸ்கான்சின்ல சுப்பீரியர் ஏரில இருக்கற அப்பாசல் ஐலண்ட்ஸ மாத்தணும்னு 2023ல டாம் டிஃபனி எம்பி மசோதா போட்டாரு. 21 தீவு, 12 மைல் கரை, நிலத்துல 80 சதவீதம் ஏற்கனவே வனப்பகுதியா சட்டப்படி பூட்டி இருக்கு, அந்த வனப்பகுதிக்கு பேரே அந்த லேக்ஷோர உருவாக்கின செனட்டர் கேலார்ட் நெல்சன் பேரு.

அங்க நெலம வேற. அந்த லேக்ஷோர்ல வேட்டைக்கு அனுமதி உண்டு, நேஷனல் பார்க்னா பொதுவா கிடையாது. அதனால ஒரு பகுதிய ப்ரிசர்வ்னு தனியா பிரிச்சு வேட்டைய விடலாம்னு வழி பாக்கறாங்க. வெஸ்ட் வர்ஜீனியால நியூ ரிவர் கார்ஜ் 2020ல மாறினப்ப அப்படி தான், சுமார் 7,000 ஏக்கர் பார்க், மிச்சம் 65,000 ஏக்கர் ப்ரிசர்வ். ஆனா அப்பாசல்ல ரெட் கிளிஃப், பேட் ரிவர் ஓஜிப்வே பூர்வகுடி சமூகங்கள் எதிர்ப்பு தெரிவிச்சிருக்காங்க, 1842, 1854 ஒப்பந்தத்துல அவங்களுக்கு வேட்டை, மீன்பிடி உரிமை இருக்கு, கூட்டம் வந்தா அந்த தண்ணிக்கும் வாழ்க்கைக்கும் என்ன ஆகும்ங்கறது அவங்க கவலை. வாசல்ல இருக்கற பேஃபீல்ட் ஊர்ல மொத்தமே 600 பேரு கூட இல்ல. 2014 குளிர்காலத்துல ஐஸ் குகை பாக்க கிட்டத்தட்ட 1,38,000 பேரு வந்து எறங்கினாங்க, அது வெறும் லேக்ஷோரா இருக்கறப்பவே.

உங்க கருத்து என்ன, மாத்தினது சரியா?

இண்டியானா டியூன்ஸ்ல மாத்தினதுல எனக்கு கோவம் இல்ல. பக்கத்துல சிகாகோ இருக்கு, ரயில் இருக்கு, ரோடு இருக்கு, மேதர் 1916லயே கேட்டது. பல வருஷமா "அது மில்லு பக்கத்து பீச்சு தானே"ன்னு அலட்சியமா பாத்தவங்க இப்ப நின்னு பாக்கறாங்க. ஆனா பேரோட சேத்து ஆளும் காசும் குடுத்து இருக்கணும், குடுக்கல. அப்பாசல் ஐலண்ட்ஸ்க்கு அதே வாதம் ஓடாது. அங்க கூட்டம் கம்மியா இருக்கறது தான் அந்த இடமே, அங்க காலங்காலமா இருக்கறவங்க வேணாம்ங்கறாங்க, வேணும்ங்கறவங்க சொல்ற காரணம் டூரிசம். அது எனக்கு போதல.

கார் இல்லாம போக முடியுமா?

சிகாகோ மில்லெனியம் ஸ்டேஷன்லேர்ந்து சவுத் ஷோர் ரயில் நேரா பார்க்குக்குள்ளயே ஓடுது. மில்லர், டியூன் பார்க், பெவர்லி ஷோர்ஸ்ல எறங்கலாம், எதுல எறங்கினாலும் பீச்சுக்கு ஒரு மைலுக்கு மேல நடை, குழந்தைங்க இருந்தா அத கணக்குல வெச்சிக்கோங்க. பின்ஹூக் பாக் பாக்கணும்னா, அதான் பூச்சி தின்ற செடி மெதக்கற பாசி மேல வளர்ற எடம், அது தனியா உள்ள தள்ளி இருக்கு, ரேஞ்சர் கூட்டிட்டு போற நாள்ல மட்டும் தான் உள்ள விடுவாங்க, அதுக்கு கார் கண்டிப்பா வேணும். தண்ணில எறங்கறவங்க அலை பெருசா இருக்கற நாள்ல ரிப் கரன்ட் (ஆள ஏரிக்குள்ள இழுக்கற நீரோட்டம்) எச்சரிக்கைய பாத்துட்டு எறங்குங்க, ஏரி தானேன்னு நெனச்சு வருஷா வருஷம் ஆளு போறாங்க, லைஃப்கார்ட் இருந்தா அது வெஸ்ட் பீச்ல மட்டும் தான்.